“என் கடவுளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்”: கி.பி. 399ஆம் ஆண்டின் பாஸ்கா மடலும் எகிப்தியத் துறவியரும் – ஒரு நிகழ்வு ஆய்வு

கி.பி. 399ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோபிலஸ், எகிப்தின் எல்லாச் சபைகளுக்கும் துறவியர் குடியிருப்புகளுக்கும் வழக்கம்போல ஒரு மடல் அனுப்பினார். திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும், அவ்வாண்டின் தவக்காலம் எந்நாளில் தொடங்கும், உயிர்ப்புப் பெருவிழா எந்நாளில் வரும் என்று நாட்டுக்கு அறிவிக்கும் பாஸ்கா மடல் அது. நாள் குறிப்பதோடு, அந்த ஆண்டுக்குத் தேவை என்று பேராயர் கருதும் போதனையும் அதில் இடம்பெறும். அவ்வாண்டு அவர் எடுத்துக்கொண்ட பொருள், கடவுளுக்கு மனித வடிவம் உண்டு என்னும் நம்பிக்கையின் பிழை. கடவுள் உடலற்றவர், உருவமற்றவர், எனவே கண்ணுக்கோ கற்பனைக்கோ அகப்படாதவர் என்று மடல் நீளமாக வாதிட்டது.

மடலின் மூலம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு மூன்று தனித்தனிச் சாட்சியங்கள் உள்ளன: அப்போது எகிப்தில் வாழ்ந்திருந்த துறவி யோவான் காசியன் பின்னாளில் இலத்தீனில் எழுதிய உரையாடல்கள், கான்ஸ்தாந்திநோப்பிளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து எழுதிய திருச்சபை வரலாற்றாசிரியர்களான சோக்ரடீஸ், சோசோமன் ஆகியோரின் நூல்கள், எகிப்து மக்களின் கோப்திய மொழியில் எழுதப்பட்ட அப்பூ என்னும் துறவியின் வாழ்க்கை வரலாறு. இம்மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, பாடநூல்கள் ‘படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் நடந்த சண்டை’ என்று சுருக்கிச் சொல்லும் இந்த நிகழ்வு, உண்மையில் மன்றாடும்போது மனிதன் எதை முன்னால் வைத்துக்கொள்கிறான் என்பதைப் பற்றிய வழக்காக இருந்தது என்பது தெளிவாகிறது.

வழக்கின் வேர்

கடவுளைக் காண முடியுமா என்ற கேள்விக்கு விவிலியம் ஒரே குரலில் விடை சொல்வதில்லை. “என்னைக் கண்ட எவனும் உயிர்வாழக் கூடாது” என்று மோசேயிடம் கடவுள் சொல்கிறார். அதே விடுதலைப் பயண நூலில், சில அதிகாரங்களுக்கு முன்பு, இஸ்ரயேலின் எழுபது மூப்பர் மலைமீது ஏறிக் கடவுளைக் கண்டதாகவும், அவர் காலடியில் நீலமணித் தளம்போன்ற ஒன்று இருந்ததாகவும் படிக்கிறோம். எசாயா, “என் கண்கள் கண்டனவே” என்று நடுங்குகிறார். எசேக்கியேல் அரியணைமீது மனிதச் சாயலில் ஓர் உருவைக் காண்கிறார். தானியேல் வெண்மயிர் கொண்ட தொன்மை வாய்ந்தவரைக் காண்கிறார். யோவான் நற்செய்தியோ, “கடவுளை யாரும் என்றுமே கண்டதில்லை” என்று முதல் அதிகாரத்திலேயே அறுதியிட்டுவிட்டு, பதினான்காம் அதிகாரத்தில் “என்னைக் காண்பது தந்தையைக் காண்பது ஆகும்” என்று இயேசுவின் வாயால் சொல்கிறது. மலைப்பொழிவு இன்னும் ஒரு படி மேலே போய், தூய உள்ளத்தோர் கடவுளைக் காண்பர் என்று வாக்களிக்கிறது. (இந்த இடத்தில் பழைய தமிழ் வேதாகமம் “தரிசிப்பார்கள்” என்ற சொல்லைத் தேர்ந்தது. கோயில் வாசலில் நிற்பவர் அறிந்த சொல் அது. வெறும் பார்வையைவிட அதிகமான ஒன்றை அது உணர்த்துகிறது.)

இந்த வசனங்களை ஒன்றோடொன்று பொருத்திவைக்கும் பணி இரண்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. யஸ்டின், முன்னோர்களுக்குத் தோன்றியவர் தந்தை அல்லர், மகனாகிய வாக்கே என்றார். இலியோன் நகரின் ஆயர் இரேனேயு, தந்தையிடத்தில் காணக்கூடியதாய் இருப்பது மகனே என்று எழுதினார். “உயிருள்ள மனிதனே கடவுளின் மாட்சி, கடவுளைக் காண்பதே மனிதனின் உயிர்” என்ற அவருடைய தொடர் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் பிற்பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு முக்கியமானது அந்தப் பிற்பாதிதான்.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் மறைநூல் அறிஞர் ஓரிகன் இந்தக் கேள்வியை வேறு தளத்துக்கு எடுத்துச் சென்றார். உடல் உள்ளவைதான் பார்க்கும், பார்க்கப்படும். கடவுளுக்கு உடல் இல்லை. ஆகவே கடவுளைப் ‘பார்ப்பது’ என்றால் அறிவது என்று பொருள். மறைநூல் சொல்லும் கடவுளின் கண், கை, முகம் எல்லாம் ஆன்மிகப் பொருளில் கொள்ளப்பட வேண்டியவை. “மானிடரை நம் உருவிலும், நம் சாயலிலும் உண்டாக்குவோம்” என்னும் தொடக்கநூல் வசனத்தில் உள்ள உருவும் உடலைக் குறிப்பதன்று, உள்ளான மனிதனையே குறிக்கிறது. கிரேக்க மெய்யியலில் பயின்ற செவிக்கு இது இயல்பான வாசிப்பு. மெசப்பொத்தாமியாவில் அவுதியு என்பவரைப் பின்பற்றியவர்கள் போன்ற வேறு சிலருக்கோ, எழுதியிருப்பதை எழுதியபடி கொள்ளாமல் நழுவுவதாக இது பட்டது. 390களில் எருசலேமிலும் இதே பிளவு தலைகாட்டியது. சைப்பிரசிலிருந்து வந்திருந்த ஆயர் எப்பிபானியு ஓரிகனைத் தாக்கிப் பேச, எருசலேம் ஆயர் யோவான் மனித வடிவக் கொள்கையினரைத் தாக்கிப் பதிலுரை ஆற்றினார்.

பாலைவனத்தின் இரு பழக்கங்கள்

நைல் கழிமுகத்துக்கு மேற்கே நித்ரியா, கெல்லியா, ஸ்கேத்திஸ் என்று மூன்று பெரிய துறவியர் குடியிருப்புகள் இருந்தன. ஸ்கேத்திஸ் இன்று வாடி நாத்ரூன் என்று அழைக்கப்படுகிறது. கோப்தியத் துறவியர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். கெல்லியாவில் வாழ்ந்தவர்களுள் கருங்கடலோரப் போந்துப் பகுதியிலிருந்து வந்த எவாக்ரியு பெரும் அறிஞர். மன்றாடும்போது கடவுளைப் பற்றி எந்த உருவத்தையும் உனக்குள் வரையாதே, உன் மனத்தில் எந்த வடிவமும் பதிய இடங்கொடாதே, உருவற்றவரிடம் உருவற்றவனாகச் செல் என்பது அவருடைய போதனை. மடல் வந்த அதே 399ஆம் ஆண்டில், திருக்காட்சிப் பெருவிழாவை ஒட்டி, அவர் இறந்தார். அவருடைய நெருங்கிய தோழர்கள் ‘நெடிய சகோதரர்’ எனப்பட்ட நால்வர்: அம்மோனியு, தியோஸ்கோரு, யூசேபியு, யூத்திமியு.

இவர்களோடு அதே மணலில், உழவர் குடிகளிலிருந்து வந்து கோப்தியம் மட்டும் பேசிய துறவியர் பெருந்தொகையினர் வாழ்ந்தார்கள். திருப்பாடல்களை மனப்பாடம் செய்து, பாய் முடைந்துகொண்டே அவற்றை ஓதி, இரவில் எழுந்து நின்று கைகளை விரித்து மன்றாடுவது இவர்கள் வாழ்வு. கைவிரித்து நிற்பவனுக்கு எதிரே ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவருக்கு முகம் உண்டு என்று அவர்கள் நம்பினார்கள் என்றால், அதை அறியாமை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஓதிய திருப்பாடல்களே, உம் முகத்தையே தேடுகிறேன், உம் முகத்தை எனக்கு மறைக்காதேயும் என்று ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தன.

ஸ்கேத்திசில் நடந்தது

ஸ்கேத்திசில் நான்கு கோவில்கள் இருந்தன. மூன்றின் குருக்கள் பேராயரின் மடலைத் தங்கள் கூட்டத்தில் படிக்கவே விடவில்லை. மறைநூலுக்கு எதிராக எழுதியவர் பேராயரே ஆனாலும் அவரைச் சபை விலக்க வேண்டும் என்று துறவியருள் பெரும்பாலோர் கருதியதாகக் காசியன் எழுதுகிறார். பாப்னூசியு என்னும் குருவின் கோவில் மட்டும் மடலை ஏற்றது. அங்கேதான் செராப்பியோன் இருந்தார்.

செராப்பியோன் முதியவர், கண்டிப்பான தவ ஒழுக்கத்தில் எல்லாரையும் விஞ்சியவர், அந்தப் பாலைவனத்தில் ஐம்பது ஆண்டுகள் கழித்தவர். மடல் சொன்னது அவருக்குப் புதுமையாகவும், முன்னோர் ஒருபோதும் சொல்லாததாகவும் பட்டது. பாப்னூசியு எவ்வளவு எடுத்துரைத்தும் அவர் அசையவில்லை. அப்போது கப்பதோக்கியாவிலிருந்து போத்தீனு என்னும் கல்விமிக்க திருத்தொண்டர் வந்து சேர்ந்தார். கிழக்கத்திய சபைகள் தொடக்கநூல் வசனத்தை எப்படி விளக்குகின்றன என்று எல்லார் முன்னிலையிலும் அவரிடம் கேட்கப்பட்டது. அளவிடற்கரிய, உருவற்ற, கூட்டுப்பொருளல்லாத ஒருவரை மனித வடிவத்துக்குள் அடக்க முடியாது என்று அவர் சான்றுகளோடு விரிவாகப் பேசினார். கடைசியில் செராப்பியோன் ஒப்புக்கொண்டார். கூடியிருந்தவர்கள் மகிழ்ந்து நன்றி செலுத்த எழுந்தார்கள்.

மன்றாட்டின் நடுவே முதியவர் தடுமாறினார். மன்றாடும்போதெல்லாம் கண்முன் நிறுத்திவந்த அந்த உருவம் இப்போது உள்ளத்தில் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். தரையில் விழுந்து, விம்மி விம்மி அழுதார்: “ஐயோ, நான் பாவப்பட்டவன்! என் கடவுளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பற்றிக்கொள்ள எனக்கு யாரும் இல்லை. யாரை வணங்குவது, யாரை நோக்கி வேண்டுவது என்று தெரியவில்லை.”

ஆய்வுக்குரிய மையப் புள்ளி இதுவே. வாதம் தோற்கவில்லை, வாதம் வென்றது. போத்தீனு சொன்னது எதுவும் தவறன்று, செராப்பியோனும் வற்புறுத்தலுக்கு அஞ்சி இணங்கியவர் அல்லர். ஆனால் வென்ற வாதம் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு ஈடாக எதையும் அவர் கையில் வைக்கவில்லை. உருவற்றவரை உருவற்றவனாக அணுகு என்ற எவாக்ரியுவின் சொல், பல்லாண்டுப் பயிற்சியின் முடிவில் வரவேண்டிய நிலை. அதை ஒரு பிற்பகலில், ஒரு சொற்பொழிவின் முடிவில், ஐம்பது ஆண்டுப் பழக்கமுள்ள ஒருவரிடமிருந்து எதிர்பார்த்தார்கள்.

அப்பூவின் எதிர்வாதம்

காசியனும் சோக்ரடீசும் ஓரிகன் மரபுக்குப் பரிவு உள்ளவர்கள். எதிர்த்தரப்பை எளியவர், எழுத்தறியாதவர் என்று நாம் பழகியிருப்பது இவர்கள் எழுத்தின் வழியாகவே. மறுதரப்பின் குரல் ஒன்று நிலைத்திருப்பது நம் நல்வாய்ப்பு. இத்தாலியின் தூரின் நகரில் பாதுகாக்கப்படும் ஒரு கோப்தியப் பாப்பிரசு, 1880களில் அச்சேறி அறிஞர் உலகுக்குத் தெரியவந்தது. அது பெம்ஜே, அதாவது ஒக்சிரிங்கு, என்னும் ஊரின் அருகே காட்டு விலங்குக் கூட்டத்தோடு வாழ்ந்த அப்பூ என்னும் துறவியைப் பற்றியது. ஆண்டுக்கு ஒரு முறை, பாஸ்கா மடல் படிக்கப்படுவதைக் கேட்பதற்காக மட்டும் அவர் ஊருக்குள் வருவார்.

அவ்வாண்டு மடலில் அவர் கேட்டு அதிர்ந்த வரி, மனிதராகிய நாம் தாங்கியிருக்கும் இந்த உருவம் கடவுளின் சாயல் அன்று என்பது. அவர் அலெக்சாந்திரியாவுக்கு நடந்தே சென்று பேராயரைச் சந்திக்கிறார். உரையாடல் மரியாதை குறையாதது. தொழுநோயாளியையும், ஊனமுற்றவரையும், பார்வையற்றவரையும் கடவுளின் சாயல் என்று எப்படிச் சொல்வது, துன்பமும் களைப்பும் அற்றவரின் சாயல் இவர்களிடம் எப்படி இருக்கும் என்று பேராயர் கேட்கிறார். ஆதாமுக்கு மட்டும் அந்தச் சாயல் இருந்தது, பின்வந்தோருக்கு இல்லை என்றும் சொல்கிறார். வெள்ளப்பெருக்குக்குப் பின் நோவாவிடம் பேசும்போதும், மனித இரத்தத்தைச் சிந்தாதே, மனிதன் கடவுளின் உருவில் உண்டாக்கப்பட்டவன் என்று கடவுள் சொன்னாரே என்பது அப்பூவின் பதில். பிறகு அவர் இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறார். பலிபீடத்தில் உள்ள அப்பத்தைப் பார்த்தால் அது அப்பமாகத்தான் தெரிகிறது; ஆனால் “இது என் உடல்” என்று ஆண்டவர் சொன்னதால் அவருடைய உடல் என்று நம்புகிறோம். பேரரசரின் ஓவியம் மரமும் வண்ணமும்தான். ஓவியத்தில் மூக்கு எடுப்பாக இல்லையே, எனவே இது பேரரசர் அல்லர் என்று எவரும் சொல்லத் துணிவதில்லை, ஏனெனில் அது தம் உருவம் என்று பேரரசரே அறிவித்திருக்கிறார். அப்படியானால் கடவுளே தம் சாயல் என்று சொன்ன ஒன்றை அதன் நலிவைக் காட்டி மறுக்கலாமா?

கடவுளுக்குக் கைகால் உண்டு என்று இந்த வாதத்தில் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பூ காக்க வந்தது கடவுளின் உடலை அன்று, தொழுநோயாளியின் மாண்பை. கடவுள் உருவமற்றவர் என்ற முதற்படியிலிருந்து, மனிதனிடம் கடவுளின் சாயல் இல்லை என்ற அடுத்த படிக்கு மடல் தாவிவிட்டது என்பதே அவருடைய முறையீடு. இந்நூல் அப்பூவைப் போற்ற எழுதப்பட்டது என்பதையும், பேராயர் மனம் மாறி அவரைப் பிற்பாடு பெம்ஜேயின் ஆயராக்கினார் என்று முடிகிறது என்பதையும் மறக்காமல் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் வாதத்தின் கூர்மை மழுங்கவில்லை. எதிர்த்தரப்பில் சிந்தனை இல்லை என்று இதற்குப் பின் யாரும் எழுதக் கூடாது.

பேராயரின் திருப்பம்

பாலைவனத்திலிருந்து துறவியர் திரளாக அலெக்சாந்திரியாவுக்கு வந்தார்கள். பேராயரை இறைப்பற்று இல்லாதவர் என்று சாடிக் கொன்றுவிடவும் முனைந்ததாகச் சோக்ரடீஸ் எழுதுகிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே நகரில் செராப்பிஸ் தெய்வத்தின் பெருங்கோவிலையும் சிலையையும் தகர்த்த நடவடிக்கைக்குத் தலைமை ஏற்றவர் தியோபிலஸ்; சினமுற்ற கூட்டம் என்னவெல்லாம் செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர்களை எதிர்கொண்டு, உங்களைக் காண்பது எனக்குக் கடவுளின் முகத்தைக் காண்பது போல் இருக்கிறது என்றார். யாக்கோபு தன் அண்ணன் ஏசாவை அஞ்சிச் சந்தித்தபோது சொன்ன சொல் அது. கடவுளுக்கு முகம் உண்டு என்று பேராயரே ஒப்புக்கொண்டதாகக் கூட்டம் எடுத்துக்கொண்டது. அப்படியானால் ஓரிகனின் நூல்களைக் கண்டனம் செய்யும் என்று கேட்டது, அவர் இசைந்தார்.

இங்கே என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். 399இல் எழுதிய மடல், நோக்கத்தில் சரியானதை முறையில் தவறாகச் செய்தது. ஆனால் 400இல் நடந்தது அதைவிடப் பெரிய தவறு. ஓரிகனைக் கண்டனம் செய்த பேராயர், முதல் நாள்வரை தாம் மதித்திருந்த நித்ரியாத் துறவியரைப் படையாட்களோடு சென்று விரட்டினார். தமக்கு வேண்டாதவராகிவிட்ட முதிய குரு இசிதோர் மீதான பகையும், அறக்கொடைப் பணம் பற்றிய மனத்தாங்கலும் இதில் கலந்திருந்தன என்பதை அக்கால ஆயர் பல்லாதியு பதிவு செய்திருக்கிறார். கடவுளைக் காண்பது பற்றிய கேள்வி இந்தக் கட்டத்தில் எவருடைய அக்கறையாகவும் இல்லை. நெடிய சகோதரர் பாலஸ்தீனம் வழியாகக் கான்ஸ்தாந்திநோப்பிளுக்குப் போய் ஆயர் யோவான் கிறிசோஸ்தோமிடம் அடைக்கலம் கேட்டதும், 403இல் கல்செதோன் அருகே ‘ஓக் மரம்’ எனப்பட்ட இடத்தில் கூடிய ஆயர் மன்றம் தியோபிலசின் முயற்சியால் கிறிசோஸ்தோமைப் பதவி நீக்கியதும், அவர் 407இல் நாடுகடத்தப்பட்ட வழியில் இறந்ததும் தனி ஆய்வுக்கு உரியவை. ஒன்று மட்டும் இங்கே பொருந்தும். அந்தியோக்கியாவில் குருவாக இருந்த காலத்திலேயே கிறிசோஸ்தோம் இந்தக் கேள்விக்கு ஒரு விடை சொல்லியிருந்தார். எசாயாவும் எசேக்கியேலும் கண்டது கடவுளின் இயல்பை அன்று. காண்பவரின் பலவீனத்துக்கு ஏற்ப அவர் தம்மைத் தாழ்த்திக் காட்டிய தோற்றத்தை. குழந்தையோடு பேசும்போது தந்தை மழலை பேசுவது போன்ற அந்த இறங்கிவருதலை மடல் எடுத்துச் சொல்லியிருந்தால், செராப்பியோனின் ஐம்பது ஆண்டுகளை ஏமாற்றம் என்று யாரும் சொல்லியிருக்க நேர்ந்திராது.

ஈசாக்கு கொடுத்த விடை

செராப்பியோன் அழுததைக் கண்ட காசியனும் அவருடைய தோழர் கெர்மானும் மிகவும் கலங்கி ‘அப்பா’ (துறவியருள் மூத்தவரை அழைக்கும் பட்டம்) ஈசாக்கு என்னும் பெரியவரிடம் சென்றார்கள். ஐம்பது ஆண்டு உழைத்த ஒருவர் அறியாமையால் அனைத்தையும் இழந்துவிட்டாரே என்பது அவர்கள் அச்சம். ஈசாக்கு முதலில் கடுமையாகவே பேசுகிறார்: தெய்வங்களுக்கு மனித உரு வடித்து வணங்கிய பழைய வழக்கத்தின் எச்சம் இது என்கிறார். அதன் பிறகு அவர் குரல் மாறுகிறது. ஒவ்வொருவரும் தம் உள்ளத் தூய்மையின் அளவுக்கே இயேசுவைக் காண்கிறார்கள். ஊர்களிலும் சிற்றூர்களிலும் இருப்பவர்களும் அவரைக் கண்டார்கள், ஆனால் மலைமீது ஏறியவர்கள் கண்ட ஒளியோடு அல்ல என்கிறார். கீழே இருந்தவர்கள் கண்டதும் இயேசுவையே என்பதை அவர் மறுக்கவில்லை. தியோபிலசின் மடலில் இல்லாத படிக்கட்டு இங்கே இருக்கிறது.

மேலும் கெர்மான், மனம் அலையாமல் கடவுளை நினைத்துக்கொண்டிருக்க எதையாவது பற்றிக்கொள்ள வேண்டுமே, எழுத்துப் பழகும் சிறுவனுக்குப் பலகையில் வடிவம் தருவதுபோல எங்களுக்கும் ஒன்று தாருங்கள் என்று கேட்கிறார். ஈசாக்கு தருவது ஓர் உருவம் அல்ல, எழுபதாம் திருப்பாடலின் முதல் அடி: “கடவுளே! என்னை விடுவித்தருளும், ஆண்டவரே! எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்.” பசியிலும், உறக்கத்துக்கு முன்பும், பாய் முடையும்போதும், பயணத்திலும், கோபம் மூளும்போதும் இதையே சொல்லிக்கொண்டிருக்கச் சொல்கிறார். முதியவர்கள் மிகச் சிலருக்கே சொல்லிக்கொடுத்த முறை இது என்கிறார்.

இந்த அடியில் பார்க்க எதுவும் இல்லை. கடவுளின் முகம் இல்லை, கை இல்லை, அரியணை இல்லை. ஆனால் அழைக்கப்படும் ஒருவர் இருக்கிறார்; அழைக்கும் ‘நான்’ இருக்கிறது; விரைந்து வாரும் என்பதால், வரக்கூடியவர் அவர் என்ற உறுதியும் இருக்கிறது. செராப்பியோன் இழந்ததாக அழுதவை இரண்டு: பற்றிக்கொள்ள ஒருவர், வேண்டுவதற்கு ஒருவர். முதலாவதை ஈசாக்கு உருவமாகத் திருப்பித் தரவில்லை. இரண்டாவதை முழுமையாகத் தந்தார், அதன் வழியே முதலாவதும் சொல்லாகக் கிடைத்தது.

கடவுளைக் காண்பது பற்றிய விவாதம் இதோடு அடங்கிவிடவில்லை. உடற்கண்களால் கடவுளைக் காண முடியுமா என்று கேட்டெழுதிய பவுலினா என்னும் பெண்ணுக்கு ஹிப்போவின் ஆயர் அகுஸ்தின் 413 வாக்கில் ஒரு நூல் அளவுக்குப் பதில் எழுதினார். தியோபிலசின் உடன்பிறந்தார் மகனும் அவருக்குப் பின் பேராயரானவருமான சிரில், கடவுளுக்கு மனித வடிவம் உண்டு என்று சொல்லும் துறவியரைத் திருத்துமாறு கலோசிரியு என்னும் ஆயருக்கு மடல் எழுத வேண்டியிருந்தது. அச்சுறுத்தலுக்குப் பணிந்து தியோபிலஸ் மூடிய கோப்பு, அவர் குடும்பத்திலேயே மறுபடியும் திறக்கப்பட்டது. காசியனோ தென் கௌல் நாட்டின் மசிலியா (இன்றைய பிரான்சின் மர்சேய்) நகரில் துறவற இல்லங்களை நிறுவி, 420களில் ஈசாக்கின் உரையாடலை எழுதிவைத்தார். காசியனின் உரையாடல்களைத் துறவியர் படிக்க வேண்டும் என்று சொன்ன, புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கு, வேளைச் செபங்களின் தொடக்கத்தில் அந்த ஒற்றை அடியை வைத்தது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் குருக்களும் துறவியரும் காலையிலும் மாலையிலும் திருப்புகழ்மாலை சொல்லத் தொடங்கும்போது, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு முதலில் வேண்டுவதும் அந்த அடியைத்தான்.